செம்பியன் மாதேவி: மழவர் மகள், சோழர் அரசி

ஓர் ஏரிக்குச் செம்பியன் மாதேவிப் பேரேரி என்று பெயர். கரையோரத்து ஊர் கண்டராதித்தம். மனைவி பெயரில் ஏரி, கணவர் பெயரில் ஊர்.

கொள்ளிடத்தின் வடகரையை ஒட்டிய மழநாட்டுக் குறுநிலத் தலைவரின் மகள் செம்பியன் மாதேவி. கல்வெட்டுகள் 'மழவரையர் மகளார்' என்றே அறிமுகப்படுத்துகின்றன. சோழ மன்னர் கண்டராதித்தரை மணந்தார். கி.பி. 957ஐ ஒட்டி அவர் மறைந்தபோது மகன் உத்தம சோழன் சிறுவன். அரியணை கொழுந்தன் அரிஞ்சயன் வழிக்குப் போய், ஏறத்தாழ 970இல்தான் உத்தமனிடம் வந்தது.

மாதேவி முடிசூடி ஆளவில்லை. ஆனால் முதலாம் பராந்தகன் காலம் தொட்டு முதலாம் ராஜராஜன் காலம் வரை அரசர்கள் மாறினார்கள், இவருடைய செல்வாக்கு மாறவில்லை. செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக்கினார்: திருக்கோடிக்காவல், ஆடுதுறை, குத்தாலம், விருத்தாசலம் என்று பட்டியல் நீளும். திருக்கோடிக்காவலில் பழைய கட்டடத்தைப் பிரிக்கும் முன், அதிலிருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் வெட்டச் செய்தார். பழங்கற்களைக் கணக்குப் பார்க்காமல் உடைத்த திருப்பணிகள் பிற்காலத்தில் எத்தனையோ! கோனேரிராஜபுரத்தில் கணவர் பெயரால் எழுப்பிய கோயிலில், கண்டராதித்தர் லிங்கத்தை வழிபடும் சிற்பத்தை இன்றும் காணலாம்.

கி.பி. 1001 வரை இவரைப் பற்றிய செய்திகள் கிடைக்கின்றன. நாகப்பட்டினத்துக்கு அருகே இவர் பெயர் தாங்கிய ஊரின் கோயிலில், ராஜேந்திர சோழன் காலத்தில் இவருக்கே படிமம் வைத்து வழிபட்டார்கள். வாஷிங்டன் ஃப்ரீர் அருங்காட்சியகத்தில் நிற்கும் சோழர் காலப் பெண் செப்புத் திருமேனி இவருடையதே என்று கருதும் அறிஞர்களும் உண்டு.