கம்ப்யூட்டர் காலண்டரில் திருவிழா ஏன் ஒரு நாள் முன்னால் தெரிகிறது?

தேவதானப்பட்டி மூங்கிலணை காமாட்சியம்மன் கோயிலின் மகா சிவராத்திரியை லினக்ஸ் கம்ப்யூட்டரில் பிப்ரவரி 15, 2026 அன்று முழுநாள் நிகழ்ச்சியாகக் குறித்துவைக்கிறீர்கள். திரையோரக் கடிகாரத்தைச் சொடுக்கினால் 14ஆம் தேதியில் தெரிகிறது! மணி சரி, தேதி மட்டும் ஏன் தவறுகிறது?

டீக்கடையை நினைத்துப் பாருங்கள். டீயைக் கொண்டுவந்து வைப்பவர் ஒருவர். போடும் மாஸ்டர் வேறொருவர். கடிகாரம் கொண்டுவந்து வைப்பவர்தான். லினக்ஸின் க்னோம் என்ற திரைச்சூழலில் நிகழ்ச்சிகளைப் பின்னால் வைத்திருப்பது 'எவல்யூஷன் டேட்டா சர்வர்' என்ற நிரல். கடிகாரம் அதனிடம் கேட்டு வாங்கிக் காட்டுகிறது.

இனி நேரக் கணக்கு. உலகப் பொது நேரத்தைவிட நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். நமக்கு 15ஆம் தேதி பிறக்கும் நள்ளிரவில், அந்தக் கணக்கில் 14ஆம் தேதி மாலை 6.30தான். ஐந்தரையைக் கூட்டாமல் தேதியை எடுத்தால் திருவிழா முந்தைய நாளுக்குப் போய்விடும்.

பிழையை எப்படிப் பிடிப்பது? டீயில் சர்க்கரை இல்லையென்றால் முதலில் மாஸ்டரைத்தானே கேட்போம்? அதே சர்வரிடம் கேட்டு வாங்கும் எவல்யூஷன் காலண்டர் செயலியைத் திறந்து பாருங்கள். அங்கேயும் 14 என்றால், பதிவையும் நேர மண்டலம் 'ஆசியா/கொல்கத்தா'வா என்பதையும் சரிபாருங்கள். அங்கே 15 இருந்தால், பிழை பெரும்பாலும் கடிகார நிரலில்.

நிரல் எழுதுவோருக்குத் தீர்வு எளிது: முழுநாள் நிகழ்ச்சிக்கு மணி வேண்டாம்; தேதியைத் தேதியாகவே வைத்தால் போதும்.