தகவல் துளி: பழைய காருக்கு என்ன விலை?

ஆலங்குடிப் பக்கம் மாடு பிடிக்கப் போகிறவர் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார். பழைய இத்தாலிய பந்தயக் கார் வாங்குபவர் பார்ப்பது சேசிஸ் எண்ணை.

ஃபெராரி 250 ஜிடிஓ 1962 முதல் 1964 வரை மொத்தமே 36 கார்கள்தான் தயாராயின. 2018-ல் அமெரிக்காவில் ஒன்று 4 கோடியே 84 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 2023 நவம்பரில், நியூயார்க்கில், 3765 என்ற சேசிஸ் எண் கொண்ட கார் 5 கோடியே 17 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் நம் பணத்தில் சுமார் 430 கோடி ரூபாய்!

இந்தச் சந்தையைக் கவனிப்பவர்கள், விற்பவர் சொல்லும் விலையைக் கணக்கில் எடுப்பதில்லை. ஏலத்தில் முடிந்த விலையைத்தான் குறித்து வைப்பார்கள். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அறிவிக்கப்படும் தொகையில் பெரும்பாலும் ஏல நிறுவனத்தின் கமிஷனும் சேர்ந்திருக்கும். இன்னொன்று, அசல் எஞ்சின் மாறியிருந்தால் விலை சரிந்துவிடும்.

அதெல்லாம் நமக்கெதற்கு என்கிறீர்களா? நம் ஊர் கல்யாண ஊர்வலங்களில் வந்த பிரீமியர் பத்மினியும் இத்தாலிய ரத்தம்தான். ஃபியட் 1100 காரை உரிமம் பெற்று மும்பையில் தயாரித்தார்கள்.

அப்படிப் பழைய கார் வைத்திருந்தால் இதையும் கேளுங்கள்: முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டி, சேசிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாறாமல் இருக்கும் சொந்த உபயோகக் காரை, 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் டிஎன்-ஐ அடுத்து, நம் ஆர்டிஓ அலுவலக எண்ணான 55-க்குப் பதில் விஏ என்ற எழுத்துகள் வரும். ஆனால் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய கார் பேரணி, பழுது பார்ப்பது, பெட்ரோல் போடுவது, இவை போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம்.