வேஷம் கட்டி ஓடும் இருவர்

சிங்க மாதத்து அத்த நட்சத்திரத்தன்று காலையில் கொச்சியை அடுத்த திருப்பூணித்துறைக்கு வந்து இறங்கும் வெளியூர்க்காரர் எவராயிருந்தாலும், ஆண்கள் உயர்நிலைப் பள்ளி மைதானத்திலிருந்து புறப்பட்டு ஊரைச் சுற்றிவரும் அத்தச்சமயப் பவனியில், யானைகளைவிடவும் பஞ்சவாத்தியக்காரர்களைவிடவும் அலங்கார வண்டிகளைவிடவும், வேஷம் கட்டிக்கொண்டு கால்நடையாக வரும் மனிதர்களையே அதிக நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று நிச்சயமாகச் சொல்லலாம். தொந்தியைத் தள்ளிக்கொண்டு, ஓலைக்குடையை ஒரு கையிலும் சரிந்துவிழப் பார்க்கும் கிரீடத்தை மற்றொரு கையிலும் பிடித்தபடி மகாபலி மன்னரான மாவேலி வருவார். அவரைச் சூழ்ந்து புலிகளும் கும்மாட்டிகளும் தெய்யங்களும் வருவார்கள். கொச்சி மகாராஜா தம் பரிவாரங்களோடு பவனி வந்த காலத்தில் இது ராஜ வைபவமாக இருந்தது. கரிங்ஙாச்சிறைக் கத்தனார், நெட்டூர்த் தங்ஙள், செம்பில் அரயன் ஆகிய சமூகத் தலைவர்களுக்கும் அதில் தனி ஸ்தானம் உண்டு என்பதை ஊரார் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். 1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாக இணைந்தபோது நின்றுபோன அந்தப் பவனி, 1961-ல் ஜனங்களின் திருவிழாவாக மறுபிறவி எடுத்தது. ராஜா போய்விட்டார், வேஷம் மட்டும் நிலைத்து நின்றுவிட்டது.

அந்தப் பவனியில் நடப்பவர்களின் சிரமம் ஓரத்தில் நிற்பவர்களுக்கு எளிதில் புலப்படுவதில்லை. மழைக்காலம் முற்றிலும் விடைபெறாத கொச்சிப் பிரதேசத்து ஈரக்காற்றில், வெயில் ஏறிய பிறகு, துணியும் பஞ்சும் வர்ணமும் சுமந்து இரண்டு மூன்று மணி நேரம் நடப்பதென்பது தேகபலமுள்ளவரையும் தள்ளாட வைக்கும் காரியம். நடப்பதற்கே இவ்வளவு பிரயாசையானால், வேஷத்தோடு இருபத்தோரு கிலோமீட்டர் ஓடுவது என்ன பைத்தியக்காரத்தனம் என்று எவருக்கும் கேட்கத் தோன்றும். ஆனால் அந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கென்றே, கணவனும் மனைவியுமாக, அக்காளும் தங்கையுமாக, சிநேகிதிகளாக, ஆயிரக்கணக்கானவர்கள் அமெரிக்க தேசத்து ஃப்ளோரிடா மாகாணத்தில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில் வருஷந்தோறும் கூடுகிறார்கள். அது விளையாட்டுப் போட்டியா, பவனியா என்று கேட்டால், பவனிதான் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். திருப்பூணித்துறைக்காரருக்கு அது விளங்குவதுபோல வேறு ஊர்க்காரருக்கு விளங்குமா என்பது சந்தேகமே.

முதலில் அரை மாரத்தான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். முழு மாரத்தானின் தூரம் 42.195 கிலோமீட்டர்; 1908-ம் வருஷத்து லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய இந்தத் தூரம், 1921-ல் சர்வதேச விதியாக ஏற்கப்பட்டது. அதில் சரிபாதிதான் அரை மாரத்தான். சில மாத காலம் ஒழுங்காக அப்பியாசம் செய்த சாதாரண தேகமுடையவர்கள், குடும்பத்தையும் உத்தியோகத்தையும் விட்டுவிடாமலே, ஓடி முடிக்கக்கூடிய தூரம் அது. டிஸ்னி பூங்காவில் 1994 ஜனவரியில் முதன்முதலாக முழு மாரத்தான் நடந்தது. பெண்களை முக்கியமாக மனத்தில் கொண்டு ராஜகுமாரி அரை மாரத்தான் என்ற ஓட்டத்தை 2009-ல் ஆரம்பித்தார்கள். இது போதாதென்று, ஐந்து கிலோமீட்டர், பத்து கிலோமீட்டர், அரை, முழு என்று நான்கு ஓட்டங்களையும் அடுத்தடுத்த நான்கு நாட்களில் ஓடும் சவால் ஒன்றும் 2014 முதல் இருக்கிறது. மொத்தம் 78 கிலோமீட்டர். அதைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. உற்சாகத்துக்கும் ஓர் எல்லை வேண்டும்.

ராஜகுமாரி ஓட்டம் விடியற்காலை ஐந்து மணிக்கே தொடங்கிவிடுகிறது. அதற்கு இரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் எழுந்து, கண்ணாடி முன் நின்று, கண்ணுக்கு மை தீட்டி, வலைத்துணிப் பாவாடை உடுத்தி, தலையில் சிறு கிரீடம் செருகிக்கொண்டு புறப்படுகிறார்கள். எப்காட் என்ற பூங்காவின் வெளியே இருட்டிலே தொடங்கும் பாதை, மாஜிக் கிங்டம் என்னும் பூங்காவுக்குள் நுழைந்து, சிண்ட்ரெல்லா கோட்டையின் ஊடாகவே புகுந்து வெளிவந்து, திரும்பவும் எப்காட்டுக்கு வந்து முடிகிறது. வழி நெடுகிலும் டிஸ்னி கதாபாத்திரங்கள் நிற்பார்கள். வேஷம் கட்டிய ஓட்டக்காரர்கள் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, வரிசையில் நின்று, வேஷம் கட்டி நிற்கும் அந்தப் பாத்திரங்களோடு படம் எடுத்துக்கொண்டு மறுபடி ஓடுகிறார்கள். கடிகாரத்தை எதிரியாக வைத்து ஓடுவதே மாரத்தான் என்று எண்ணியிருப்பவர்களுக்கு இந்தக் காட்சி அபசாரமாகத் தோன்றலாம்.

இருந்தாலும் கடிகாரத்தை அடியோடு மறந்துவிட முடியாது. ஒரு மைலுக்குப் பதினாறு நிமிஷம், அதாவது கிலோமீட்டருக்குப் பத்து நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவு என்ற கதியையாவது காக்க வேண்டும் என்பது அங்கே விதி. அந்தக் கணக்கின்படி முழுத் தூரத்துக்கும் கிடைப்பது சுமார் மூன்றரை மணி நேரம். கடைசி ஆளுக்கும் பின்னால், கையில் பலூன் கட்டிக்கொண்டு, அந்தக் கதியிலேயே சிறிதும் பிசகாமல் நடந்துவரும் தொண்டர்கள் உண்டு. பலூன் சீமாட்டிகள் என்று அவர்களுக்குப் பெயர். அவர்களுக்குப் பின்தங்கிவிட்டவர்களை வண்டியில் ஏற்றி எல்லைக்குக் கொண்டு சேர்த்துவிடுவார்கள். கிலோமீட்டருக்கு எட்டு நிமிஷமாக ஓடும் ஒரு ஜோடியை எடுத்துக்கொள்வோம்: இரண்டே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுப் பின் ஓட்டம் முடிந்துவிடும், எஞ்சியிருப்பது நாற்பது நிமிஷம். ஒரு படத்துக்கு ஐந்து நிமிஷம் வரிசையில் நின்றால் எட்டுப் படங்களோடு அந்தச் செல்வம் தீர்ந்தது. ஆகவே, எந்தப் பாத்திரத்துக்காக நிற்பது, எதற்கு வெறும் கையசைப்போடு தாண்டிப் போவது என்பதை இருவரும் முன்னிரவே பேசி முடிவு செய்துகொள்வது உத்தமம். ஓடும்போது அந்த விஷயத்தைப் பேசத் தொடங்கினால் என்ன ஆகும் என்பது குடும்பஸ்தர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முந்தைய ஓட்டங்களில் எடுத்துக்கொண்ட நேரத்தை ஆதாரமாக வைத்து, ஓட்டக்காரர்களைப் பல அணிகளாகப் பிரித்து, வேகமானவர்களை முதலிலும் மெதுவானவர்களைப் பிறகுமாக அனுப்புகிறார்கள். கணவன் முதல் அணியிலும் மனைவி கடைசி அணியிலும் இருந்தால் என்ன செய்வது? வேகமானவர் பின் அணிக்கு இறங்கி வரலாம். மெதுவானவர் முன் அணிக்கு ஏற முடியாது. இந்தச் சிறு விதியில் இருவராக ஓடுவதன் தர்மம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில் இருவரும் சேர்ந்து ஓடும் வேகம் இருவருடைய வேகத்தின் சராசரி அன்று; அது மெதுவானவருடைய வேகமே. வேகமுள்ளவர் பத்தடி முன்னால் போய்த் திரும்பிப் பார்ப்பதும், “வா, வா, இதோ வந்துவிட்டது” என்று உற்சாகமூட்டுவதாக எண்ணிக்கொண்டு விரட்டுவதும், துணையாக ஓடுவதாகா. “சற்று நில்லுங்கள், எனக்கு மூச்சு வாங்குகிறது” என்று பின்னாலிருந்து குரல் வருவதற்கு முன்னமே, அந்த மூச்சின் சத்தத்தைக் கேட்டுத் தம் நடையைத் தளர்த்திக்கொள்கிறவரே நல்ல துணை. பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் எதுவோ அதுவே நெடுந்தூரத்துக்கு ஏற்ற வேகம் என்பது ஓட்டப் பயிற்சியாளர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்ட சூத்திரம். தனியாக ஓடுகிறவர் அதைப் பரீட்சிக்கத் தமக்குத் தாமே பேசிக்கொள்ள வேண்டும், இருவராக ஓடுகிறவர்களுக்கு அந்த அசௌகரியம் இல்லை.

கொஞ்சம் ஓடி, களைப்பு வருமுன்பே கொஞ்சம் நடந்து, மறுபடி ஓடுவது என்ற முறையை அந்தப் பூங்கா ஓட்டங்களில் பலர் கடைப்பிடிப்பதற்குக் காரணமாக இருந்தவர் ஜெஃப் காலவே. 1972-ல் மியூனிக் ஒலிம்பிக்கில் பத்தாயிரம் மீட்டர் ஓடிய அவரே அங்கே அதிகாரபூர்வமான பயிற்சி ஆலோசகராக அமைந்தார். தளர்ந்த பிறகு நடப்பது தோல்வி, தளருமுன் நடப்பது உபாயம் என்பது அவருடைய கொள்கையின் சாரம். வேகம் வேறுபட்ட இருவருக்கு இது மிகவும் பொருந்தும். ஓடும் நிமிஷங்களில் ஒருவர் சற்று விட்டுக்கொடுத்தால், நடக்கும் நிமிஷத்தில் இருவரும் சமமாகிவிடுகிறார்கள்.

இனி வேஷத்துக்கு வருவோம். ஓடும் தேகம் தன் உஷ்ணத்தைப் பெரும்பாலும் வியர்வையின் மூலமே வெளியேற்றுகிறது. வியர்வை வழிவதனால் அன்று, அது ஆவியாகிப் போவதனாலேயே தேகம் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் ஆவியாவது மட்டுப்படும்; அதன்மேல் செயற்கை இழைத் துணியும் அடர்ந்த வேஷமும் போர்த்திக்கொண்டால், உள்ளே சேர்ந்த சூட்டுக்குப் போக வழியே இராது. ஆகவே அனுபவசாலிகள் ஓட்டத்துக்கு உரிய மெல்லிய சட்டையையே அடிப்படையாக வைத்து, அதன் நிறத்தாலும் மேலே தைத்த சிறு அடையாளங்களாலும் பாத்திரத்தைச் சூசனை செய்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பருத்தி ஆடை வியர்வையைக் குடித்துக் கனத்துவிடும். தையல் மடிப்பு படும் இடமெல்லாம் பத்தாவது கிலோமீட்டருக்குள் தோல் உராய்ந்து புண்ணாகும். அக்குளிலும் தொடையிலும் முன்கூட்டியே வாசலின் தடவாதவர்கள் அன்றைக்குக் குளிக்கும்போது அதை நினைத்துக்கொள்வார்கள். தரையில் புரளும் ஆடையும், பெரியவர்கள் முகத்தை மூடும் முகமூடியும் டிஸ்னி ஓட்டங்களில் அனுமதிக்கப்படுவதில்லை. இவற்றைக் காட்டிலும் முக்கியமான விதியை யாரும் எழுதி வைக்கவில்லை: ஒருமுறையேனும் முழு வேஷத்தோடு நெடுந்தூரம் ஓடிப் பாராமல் புறப்படக் கூடாது.

இந்தச் சூக்ஷ்மம் கதகளி தெரிந்த ஊருக்குப் புதிதன்று. சுட்டி என்னும் முக ஒப்பனையைக் குத்திக்கொள்வதற்கு மணிக்கணக்கில் அசையாமல் படுத்திருக்கவும், உடுத்துக்கெட்டு என்னும் உடையின் கனத்தை இடுப்பிலே வாங்கிக்கொண்டு இரவெல்லாம் ஆடவும், கதகளிக் கலைஞர்கள் சிறு வயது முதலே தேகத்தைப் பழக்கியிருக்கிறார்கள். 1975-ல் பெண்கள் மட்டுமே அடங்கிய கதகளிக் குழு ஒன்று திருப்பூணித்துறையிலேயே தோன்றி, ஆண்களுக்கே உரியதென்று எண்ணப்பட்ட அந்தப் பாரத்தைத் தாங்கிக் காட்டியது. வேஷம் தேகத்தின் மேல் வந்து உட்காருவதில்லை, தேகம்தான் வேஷத்துக்குள் வாழக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதை அணியறையில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தவர்கள் அறிவார்கள். இருவராக ஓடுவதற்கு நம் பக்கத்துக்கு ஏற்ற ஜோடி வேஷம் எது என்று என்னைக் கேட்டால், மாவேலியும் வாமனனும் என்பேன். ஆனால் மெதுவாக ஓடுகிறவர் வாமனனாக இருப்பதே நியாயம். குடையையும் தொந்தியையும் வேகமானவர் சுமந்தால் இருவருடைய கதியும் தானாகவே சமப்பட்டுவிடும்.

வேஷ ஓட்டம் டிஸ்னியின் கண்டுபிடிப்பும் அன்று. ஸான் ஃபிரான்ஸிஸ்கோ நகரத்தில் 1912 முதல் நடந்துவரும் பே டு பிரேக்கர்ஸ் ஓட்டத்தில், பதின்மூன்று பேர் ஒன்றாகப் பிணைந்துகொண்டு பூரானைப்போல ஓடும் பிரிவு 1978-ல் ஏற்பட்டது. இருவராக ஓடுவதன் தர்மத்தைப் பதின்மூன்று பேருக்கு விரித்தால் என்ன கஷ்டம் என்று எண்ணிப் பாருங்கள். பிரான்ஸ் தேசத்தில் போர்தோ நகரத்தை அடுத்த மெதோக் திராட்சைத் தோட்டங்களின் நடுவே 1985 முதல் ஒரு மாரத்தான் நடக்கிறது. பெரும்பாலோர் வேஷத்தோடு வருவார்கள், வழியில் தண்ணீர் மட்டுமல்ல, அந்தந்தத் தோட்டத்துத் திராட்சை மதுவும் கொடுப்பார்கள். இவர்கள் எல்லாரையும் மிஞ்சியவர் ஆங்கிலேயரான லாய்ட் ஸ்காட். ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட அவர், அந்நோயாளிகளுக்கு நிதி திரட்டுவதற்காக, 2002-ல் ஐம்பது கிலோவுக்கு மேற்பட்ட பழைய கடலடி முக்குளிப்பு உடையை அணிந்து லண்டன் மாரத்தானை ஐந்து நாட்களுக்கு மேல் எடுத்துக்கொண்டு நடந்தே முடித்தார். அவரை யாரும் தோற்றவராகக் கருதவில்லை.

நம் தேசத்தில் இதற்கு நெருங்கிவருவது 2004-ல் ஆரம்பித்த மும்பை மாரத்தானோடு சேர்ந்து நடக்கும் ‘ட்ரீம் ரன்’. சுமார் ஆறு கிலோமீட்டர்தான். அதில் மரமாகவும் கடவுளாகவும் குப்பைத்தொட்டியாகவும் வேஷம் தரித்து, நீரைச் சேமிப்பது முதல் பெண் கல்வி வரையில் ஏதேனும் ஒரு கொள்கையைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள். கொச்சியிலோ ஓட்டமும் வேஷமும் இன்னும் தனித்தனியாகவே இருக்கின்றன. ‘சோல்ஸ் ஆஃப் கொச்சின்’ என்ற ஓட்டக்காரர் சங்கம் ‘ஸ்பைஸ் கோஸ்ட் மாரத்தான்’ நடத்துகிறது. கோட்டைக் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும், டிசம்பர் 31 நள்ளிரவில் பப்பாஞ்ஞி என்னும் கிழவன் உருவத்தைக் கொளுத்திவிட்டு, மறுநாள் ஜனங்கள் வேஷத்தோடு கார்னிவல் ஊர்வலம் போகிறார்கள். இந்த இரண்டையும் யாராவது ஒருநாள் இணைத்துவிட்டால் நாம் ஃப்ளோரிடாவுக்குப் போக வேண்டிய அவசியம் இராது. அங்கே நுழைவுக் கட்டணமே இருநூறு டாலருக்கு மேல். விமானமும் விடுதியும் வேறு. வேஷம் கட்டி ஊர் பார்க்க நடப்பதற்கு அத்தச்சமயத்தில் எவரும் பணம் கட்டுவதில்லை என்பதை நினைக்கும்போது, டிஸ்னிக்காரர்களுடைய வியாபார சாமர்த்தியத்தை வியப்பதா, அதற்கு மனமுவந்து பணம் கட்டுகிறவர்களைக் கண்டு இரங்குவதா என்று எனக்குத் தெரியவில்லை.

எல்லைக்கோட்டில் அந்த ஜோடிகள் பெரும்பாலும் கைகோத்துக்கொண்டே நுழைவார்கள். ஆனால் மார்பில் குத்திய எண்ணோடு இணைந்த சிறு மின்னணுச் சில்லு இந்தக் கைகோத்தலை அறியாது. தொடக்கக் கோட்டைத் தாண்டிய கணத்தையும் முடிவுக் கோட்டைத் தாண்டிய கணத்தையும் ஆளுக்கு ஆள் தனித்தனியே குறித்துக்கொள்ளும். ஆகையால் முடிவுப் பட்டியலில் இருவர் பெயரும் வேறு வேறு வரியில், ஒரு வினாடி முன்பின்னாக அச்சாகி வருவது சகஜம்; மூன்று மணி நேரம் ஒருவரையொருவர் விட்டுப் பிரியாமல் ஓடியவர்களுக்குக் காலை ஆகாரத்தின்போது விவாதம் தொடங்க அந்த ஒரு வினாடி தாராளமாகப் போதும்.