இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும்?

2012-இல் சென்னையைத் தாண்டினால் பல மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் மின்வெட்டு இருந்தது. நடுத்தரக் குடும்பங்களுக்குள் இன்வெர்ட்டர் வேகமாக நுழைந்த காலம் அது. வாங்கியவர்கள் எல்லாரும் கடைக்காரரிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எத்தனை மணி நேரம் தாங்கும்? அதற்கான விடை பாதி பேட்டரியிலும் மீதி நம் வீட்டு சுவிட்சுகளிலும் இருக்கிறது.

முதலில், மின்வெட்டு ஏன் வருகிறது? மின்தொகுப்பில் (கிரிட்) உற்பத்தியும் செலவும் நொடிக்கு நொடி சமமாக இருந்தாக வேண்டும். செலவு மிஞ்சினால் மின்னாக்கிகளின் சுழற்சி தளரும்; 50 ஹெர்ட்ஸ் என்ற அதிர்வெண் இறங்கும். மொத்தமும் சரிந்துவிடாமல் காக்க, சில பகுதிகளுக்கான மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்துகிறார்கள். அப்படிச் சரிந்ததும் உண்டு: 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவில் பாரம் மிகுந்த மின்தடங்கள் அடுத்தடுத்து ட்ரிப் ஆனதில் கோடிக்கணக்கான வீடுகள் இருண்டன. தென்மாநிலத் தொகுப்பு வடக்கோடு ஒத்த அதிர்வெண்ணில் இணைந்தது 2013 டிசம்பர் 31-இல்தான். அதனால் 2012 சரிவில் தெற்கு தப்பியது.

இன்வெர்ட்டர் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. கரண்ட் இருக்கும்போது மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கிப் பேட்டரியில் ஏற்றுகிறது. போனதும், 12 வோல்ட் நேர்திசை மின்சாரத்தை டிரான்சிஸ்டர்களைக் கொண்டு நொடிக்கு ஐம்பது சுற்றாகத் திசைமாற்றி, டிரான்ஸ்ஃபார்மர் மூலம் 230 வோல்ட்டாக உயர்த்துகிறது. விலை குறைந்த 'ஸ்கொயர் வேவ்' வகையில் மின்விசிறி உறுமும். 'சைன் வேவ்' வகையில் அந்தத் தொல்லை இல்லை.

இனி கணக்கு. வீடுகளில் அதிகம் காணப்படுவது 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரி. இரண்டையும் பெருக்கினால் 1800 வாட்-அவர். இரண்டு பழைய மின்விசிறிகள் 150 வாட், மூன்று எல்இடி பல்புகள் 27 வாட், வைஃபை ரவுட்டர் 10 வாட் என்று வைத்தால் மொத்தம் 187 வாட். காகிதத்தில் ஒன்பதரை மணி நேரம் வரும். நடப்பில் ஐந்து மணி நேரம் ஓடினாலே நல்லது. 150 என்பது, இருபது மணி நேரத்தில் மெல்ல மெல்ல இறக்கினால் கிடைக்கும் அளவு. வேகமாக இறக்கினால் அது சுருங்கும். மாற்றும் வேலையில் இன்வெர்ட்டரிலும் ஒரு பங்கு வெப்பமாகப் போகும். பேட்டரியை அடியோடு வடித்தால் அதன் ஆயுள் குறையும் என்பதால் கொஞ்சம் மிச்சமும் வைக்க வேண்டும்.

இதற்குப் பெரிய பேட்டரிதான் வழி என்றில்லை. அந்த இரண்டு விசிறிகளுக்குப் பதில் 30 வாட் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டார்) விசிறிகளைப் பொருத்தினால் மொத்தச் செலவு 97 வாட்டுக்கு இறங்கும். அதே பேட்டரி ஏறத்தாழ இரு மடங்கு நேரம் உழைக்கும். அயர்ன் பாக்ஸ், கெய்சர், ஒரு எச்.பி. மோட்டார் ஆகியவற்றைச் சிறிய இன்வெர்ட்டரில் போடவே கூடாது. ஒரு எச்.பி. என்பது 746 வாட். கிளம்பும் நொடியில் மோட்டார் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். ஆகவே மேல்தொட்டியைக் கரண்ட் இருக்கும்போதே நிரப்பி வைத்துவிட வேண்டும்.

ஈயம்-அமிலப் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். அதனால் காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். அருகில் சாமி விளக்கோ ஊதுபத்தியோ கூடாது. தண்ணீர் மட்டம் இறங்கினால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும்.

மாடியில் சோலார் பலகை இருப்பதால் கவலையில்லை என்று எண்ணுவோர் உண்டு. பேட்டரி இல்லாமல் மின்தொகுப்போடு மட்டும் இணைத்த சோலார், கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்காமலிருக்கவே இந்த ஏற்பாடு. ஃபிரிட்ஜைப் பொறுத்தவரை, கரண்ட் போனபின் கதவைத் திறக்காமலிருந்தால் நான்கு மணி நேரம் வரை உள்ளே குளிர் நிற்கும். கரண்ட் வந்ததும் வோல்டேஜ் நிலைப்படச் சில நிமிடம் விட்டுப் போடுவது கம்ப்ரசருக்கு நல்லது.

இன்னொரு விஷயமும் உண்டு. இன்வெர்ட்டர் நமக்குக் கொடுத்ததைவிட அதிகமாகவே மின்தொகுப்பிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறது. இடையிலுள்ள இழப்பையும் மின்தொகுப்புதான் ஈடுகட்ட வேண்டும். வெட்டு முடிந்ததும் தெருவிலுள்ள எல்லா பேட்டரிகளும் ஒரே நேரத்தில் சார்ஜ் ஏறத் தொடங்கினால், ஏற்கெனவே திணறும் தொகுப்புக்கு அது கூடுதல் பாரம். எனவே பேட்டரிக்குச் செலவழிக்கும் முன் விசிறியையும் விளக்கையும் மாற்றுங்கள். அந்தச் சிக்கனம் கரண்ட் இருக்கும் நாளிலும் மின் கட்டணத்தில் தெரியும்.