எந்த இலை மஞ்சள்?

நுழையும் முன்

ஊர்ப்புற வாழ்வைக் காட்டும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் இந்திய மொழிகள் பலவற்றிலும் உண்டு. நகரத்தில் வாழ்வோர் அவற்றில் பசுமையான வயலையும் ஏரையும் மாட்டையும் கண்டு மகிழ்வர். உழவரோ தம் கேள்விக்கு விடை தேடி அவற்றின் முன் அமர்ந்தனர். அக்கேள்விகள் எவ்வாறு எழுந்தன, அவற்றுக்கு எவ்வாறு விடை கிடைத்தது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

தில்லியில் ஒரு தொடக்கம்

இந்தியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில் தொடங்கியது. அந்நாளில் அது வானொலியின் ஒரு பிரிவாகவே இயங்கியது. 1967ஆம் ஆண்டு குடியரசு நாளன்று, உழவர்களுக்கென்றே ‘கிருஷி தர்ஷன்’ என்னும் நிகழ்ச்சி ஒளிபரப்பாகத் தொடங்கியது. இந்தியில் ‘கிருஷி’ என்பது உழவையும் ‘தர்ஷன்’ என்பது காட்சியையும் குறிக்கும்.

தில்லியைச் சுற்றியிருந்த 80 ஊர்களில் பொதுத் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. வீட்டுக்கொரு பெட்டி இல்லாத காலம் அது. மக்கள் ஓரிடத்தில் கூடி நிகழ்ச்சியைக் கண்டனர். விண்வெளி அறிவியலறிஞர் விக்ரம் சாராபாய் அம்முயற்சிக்குத் துணை நின்றார். பூசா வளாகத்தில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிஞர்கள் பயிர்த்தொழில் செய்திகளை வழங்கினர். அந்நிறுவனத்தின் இயக்குநராக அப்போது விளங்கியவர், கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆவார்.

அனுபவம் மிக்கவர்க்கும் எழுந்த ஐயம்

1965, 1966ஆம் ஆண்டுகளில் பருவமழை பொய்த்தது. அமெரிக்காவிலிருந்து கப்பல்களில் வந்த கோதுமையை நாடு நம்பியிருந்தது. அந்நிலையை மாற்ற, 1966ஆம் ஆண்டில் மெக்சிகோ நாட்டிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதை தருவிக்கப்பட்டது. பழைய நெட்டைக் கோதுமைக்கு உரம் மிகுதியாக இட்டால், கதிரின் பாரம் தாங்காமல் பயிர் சாய்ந்துவிடும். குட்டைக் கோதுமை சாயாமல் நின்று மிகுந்த விளைச்சல் தந்தது.

ஆனால் புதிய விதைக்குப் பழைய முறை பொருந்தவில்லை. நெட்டைக் கோதுமையை ஈரம் இருக்கும் ஆழம் வரை சென்று விதைப்பது வழக்கம். குட்டைக் கோதுமையிலோ முளையை மூடிக் காக்கும் உறையும் குட்டையானது. ஆழத்தில் விதைத்தால் முளை மண்ணைப் பிளந்து வெளியே வர இயலாது. எனவே ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் ஆழத்திலேயே அதை விதைக்க வேண்டும். விதைத்த 21ஆம் நாளை ஒட்டி முதல் பாசனம் செய்ய வேண்டும். தூரின் அடியிலிருந்து நிலையான வேர்கள் கிளைக்கும் பருவம் அது. அப்போது நீர் கிடைக்காவிடில் விளைச்சல் குறையும்.

தந்தையும் பாட்டனும் செய்த முறைப்படியே விதைத்தவரின் வயலில் முளை சரியாக வாராதபோது, அவர் மனத்தில் ஐயம் எழுவது இயல்பு. அவர் அறியாதவர் அல்லர். பழைய பயிரை நன்கு அறிந்தவர். அவர் அறிந்திருந்த பயிர் மாறிவிட்டது. ஆகவே கேள்வி கேட்பது அறியாமையின் அடையாளம் அன்று. தாம் அறிந்தது எங்கே முடிகிறது என்பதை உணர்ந்தவரே தெளிவாகக் கேட்க முடியும்.

வானொலி காட்டிய வழி

மக்களின் கேள்விகளை நிலையத்திற்குக் கொண்டுசேர்க்கும் முறையை வானொலி முன்னரே காட்டியிருந்தது. 1956ஆம் ஆண்டில் பூனாவைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் 150 ஊர்களைத் தேர்ந்து, ஊர்தோறும் உழவர் மன்றம் அமைத்தனர். மன்றத்தார் ஒன்றாக அமர்ந்து ஒலிபரப்பைக் கேட்டனர். பின்னர் அதைப் பற்றிக் கலந்து பேசினர். எழுந்த ஐயங்களை மன்றச் செயலர் எழுதி நிலையத்திற்கு அனுப்பினார். பின்வந்த ஒலிபரப்பில் விடை கூறப்பட்டது. யுனெஸ்கோ அமைப்பின் உதவியுடன் நடந்த இம்முயற்சி, வானொலியை ஒருவழிப் பேச்சாக விடாமல் உரையாடலாக மாற்றியது.

தமிழகத்திலும் இதற்குச் சான்று உண்டு. 1960களில் ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல் தஞ்சை மாவட்டத்தில் விரைந்து பரவியது. திருச்சி வானொலி நிலையத்தின் உழவர் நிகழ்ச்சிகள் அதற்குப் பெருந்துணை புரிந்தன. அதனால் உழவர்கள் அந்நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டு அழைத்தனர். மக்கள் வைத்த நம்பிக்கையை அப்பெயர் காட்டும். அவ்வளவு நம்பிக்கை வைக்கப்பட்ட இடத்தில், ஒரு தவறான விடை ஓர் ஆண்டு உழைப்பையே அழித்துவிடக்கூடும்.

ஒரு வரிக் கேள்வியும் பல விடைகளும்

“பயிர் மஞ்சளாகிறது, என்ன செய்வது?” என்று ஒருவர் எழுதுவதாகக் கொள்வோம். கேள்வி எளியது, விடையோ எளியது அன்று. தேர்ந்த வேளாண் அறிஞர் உடனே உரத்தின் பெயரைக் கூறமாட்டார். “எந்த இலை மஞ்சள்?” என்றே முதலில் கேட்பார்.

கீழே உள்ள முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளானால், தழைச்சத்துக் குறைவு காரணமாகலாம். தழைச்சத்து பயிருக்குள் இடம்பெயரக் கூடியது. மண்ணிலிருந்து போதிய அளவு கிடைக்காதபோது, பயிர் தன் முதிர்ந்த இலைகளில் உள்ள சத்தை எடுத்து இளந்தளிருக்கு அனுப்பும். அதனால் கீழ் இலை வெளுக்கும்.

மேலே உள்ள இளந்தளிர் வெளுத்து, அதன் நரம்புகள் மட்டும் பச்சையாக இருந்தால், இரும்புச்சத்துக் குறைவு எனக் கருத இடமுண்டு. இரும்புச்சத்து அவ்வாறு எளிதில் இடம்பெயராது. ஆதலால் புதிதாகத் தோன்றும் இலையே முதலில் வாடும்.

பயிர் முழுவதும் மஞ்சளாக, வயலில் நீர் தேங்கியிருந்தால், வேர் மூச்சுவிட இயலாமையே காரணமாகலாம். அங்கே வேண்டியது உரம் அன்று, வடிகால்.

நிறம் ஒன்றே. காரணம் மூன்று; மருந்தும் மூன்று. எந்த இலை என்று கேட்காமல் விடை கூறினால், நீர் தேங்கிய வயலில் உழவர் உரத்தைக் கொட்டிப் பணத்தையும் பயிரையும் இழப்பார்.

உண்மையாகவே நிகழ்ந்த ஒன்றும் இதனை விளக்கும். இமயமலை அடிவாரத்துத் தராய்ப் பகுதியில் நெற்பயிரின் இலைகளில் துருநிறப் புள்ளிகள் தோன்றிப் பயிர் குன்றியது. மக்கள் அதனைக் ‘கைரா’ நோய் என்றனர். பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒய்.எல். நேனே 1966ஆம் ஆண்டில் அதன் காரணத்தைக் கண்டறிந்தார். அது கிருமியால் வந்த நோய் அன்று. மண்ணில் துத்தநாகச் சத்துக் குறைந்ததன் விளைவு. துத்தநாக சல்பேட்டு இட்டபோது பயிர் தேறியது. நோய்க்கு மருந்து தெளித்தவர் எத்தனை முறை தெளித்திருந்தாலும் பயன் கிடைத்திராது.

நிறமில்லாத திரை

அந்நாளைய தொலைக்காட்சி கறுப்பு வெள்ளையில் அமைந்தது. வண்ண ஒளிபரப்பு 1982ஆம் ஆண்டில்தான் இந்தியாவுக்கு வந்தது. அதுவரை திரையில் பச்சை இலையும் சாம்பல் நிறம். மஞ்சள் இலையும் சாம்பல் நிறம். அறிஞர் ஓர் இலையைக் கையில் எடுத்துக் காட்டினாலும், அதன் நிறத்தைச் சொல்லால்தான் விளக்க வேண்டியிருந்தது. எழுதுபவரும் தாம் கண்டதைச் சொல்லால்தான் உணர்த்த வேண்டியிருந்தது. காட்சிக்கென்றே பிறந்த கருவியிலும், உழவரின் பயிரைக் காத்தது சொல்லின் தெளிவே.

நல்ல கேள்விக்குச் சில உறுப்புகள் உண்டு. ஊர் எது, மண் எத்தகையது, பயிர் எது, விதைத்து எத்தனை நாள் ஆயிற்று, முதலில் கண்ட மாற்றம் என்ன, இதுவரை இட்ட உரமும் தெளித்த மருந்தும் யாவை என்பன அவை. இவற்றைத் தாங்கிய கடிதம் விடையில் பாதியைத் தானே கொண்டுவரும்.

நல்ல விடைக்கும் இலக்கணம் உண்டு. கேட்டவருக்குப் புரியும் சொல்லில் அது அமைய வேண்டும். கடிதத்தால் மட்டும் காரணத்தை உறுதிசெய்ய முடியாதபோது, “மண்ணை ஆய்வுக்கு அனுப்புங்கள்” என்று சொல்லும் நேர்மை அதில் இருக்க வேண்டும். ஊகத்தை உறுதிபோலச் சொல்லும் விடை, விடையின்மையினும் தீங்கானது.

கேட்பவரின் மொழி

1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களைச் சேர்ந்த 2,400 ஊர்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பப்பட்டன. இராசத்தான், பீகார், மத்தியப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களின் ஊர்களுக்கும் இந்தியே பொதுமொழி. ஆயினும் பாலைநிலத்து உழவரின் பேச்சும் பயிரும் வேறு. கங்கைச் சமவெளி உழவரின் பேச்சும் பயிரும் வேறு. அதே காலத்தில் குசராத்தின் கேடா மாவட்டத்திற்கென்று பீஜ் என்னும் ஊரிலிருந்து தனி ஒளிபரப்பு நடைபெற்றது. அம்மாவட்ட மக்களின் வாழ்வும் பேச்சுமே அதற்கு அடிப்படையாயின. ஊர்ப்புறச் செய்தித் தொடர்புக்கான யுனெஸ்கோ பரிசு 1984ஆம் ஆண்டில் அதற்குக் கிடைத்தது.

1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. அந்நிலையத்தின் ‘வயலும் வாழ்வும்’ நிகழ்ச்சி தமிழ் மக்கள் நன்கு அறிந்தது. உழவுக்குரிய தமிழ்ச் சொற்கள் பயனை விளக்கும் இயல்பின. இலை தழைக்க உதவுவது தழைச்சத்து. மணி திரள உதவுவது மணிச்சத்து. எரித்த சாம்பலில் கிடைப்பது சாம்பல்சத்து. பள்ளி செல்லாத உழவரும் இச்சொற்களைக் கேட்ட அளவில் பொருளை உணர்வார். செம்மண், கரிசல், வண்டல் என்று மண்ணின் வகையைச் சொன்னாலே, நீரைத் தாங்கும் தன்மையும் ஏற்ற பயிரும் உழவருக்கு விளங்கிவிடும்.

இன்று

உழவர்கள் தொலைபேசியில் கேட்டு உடனே விடை பெறுவதற்காகக் கிசான் அழைப்பு மையங்கள் 2004ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டன. அவற்றில் தமிழிலும் கேட்கலாம். உழவர்க்கென்று ‘டிடி கிசான்’ என்னும் தனி அலைவரிசை 2015ஆம் ஆண்டில் தொடங்கியது. கைப்பேசியில் இலையின் வண்ணப் படத்தையே அனுப்பும் காலம் இது. எனினும் படத்தில் மண்ணின் ஈரம் தெரியாது. விதைத்த நாள் தெரியாது. இட்ட உரமும் தெரியாது. “எந்த இலை மஞ்சள்?” என்ற கேள்வி இன்றும் தேவைப்படுகிறது.

தொலைவில் உள்ள நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு ஊரில் ஒரு வயலும், அதனைக் காக்கும் ஒரு பாட்டனோ மாமனோ உண்டு. அவர் தொலைபேசியில் “தூர் கட்டவில்லை”, “தோகை வெளுக்கிறது” என்று கூறும்போது, அச்சொற்களை அறிந்த பிள்ளையே அவருடைய கவலையையும் அறியும். சொல் மறந்தால் கேள்வி மறையும். கேள்வி மறைந்தால் உறவின் ஒரு பகுதியும் மறையும்.

சொற்பொருள்

தருவித்தல் – வரவழைத்தல்
பாசனம் – பயிருக்கு நீர் பாய்ச்சுதல்
தூர் கட்டுதல் – ஒரு பயிரின் அடியிலிருந்து பல தண்டுகள் கிளைத்தல்
தோகை – நெல், கரும்பு முதலியவற்றின் நீண்ட இலை
வடிகால் – தேங்கிய நீர் வெளியேறும் வழி
ஊகம் – உறுதிசெய்யப்படாத கருத்து

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. குட்டைக் கோதுமையை ஆழமாக விதைக்கக் கூடாது. ஏன்?
2. ஆடுதுறை 27 நெல் எப்பெயரால் அழைக்கப்பட்டது? அப்பெயர் எதனைக் காட்டுகிறது?
3. தழைச்சத்துக் குறைந்தால் கீழ் இலை முதலில் மஞ்சளாவது ஏன்?

ஆ. விரிவாக விடை எழுதுக.
“கேள்வி கேட்பது அறியாமையின் அடையாளம் அன்று.” பாடப்பகுதிச் சான்றுகளுடன் விளக்குக.

இ. திருத்தி எழுதுக.
“எங்கள் தோட்டத்துச் செடி வாடுகிறது, என்ன செய்வது?” இக்கேள்வியில் விடுபட்ட செய்திகளைச் சேர்த்து, அறிஞர் ஒருவர் விடை கூறத்தக்க கடிதமாக எழுதுக.

ஈ. செயல்பாடு
ஊரில் பயிர்த்தொழில் செய்யும் உறவினர் ஒருவரிடம் தமிழில் பேசுக. இப்பருவத்தில் அவருக்கு எழுந்துள்ள ஓர் ஐயத்தை, அவர் கூறிய சொற்களிலேயே எழுதி வருக. அவற்றுள் புதிய சொற்கள் ஐந்தனைப் பொருளுடன் தொகுக்க.