உறைய வைத்தால் மட்டும் போதுமா?

நுண்பை மருத்துவம் – 9

ஜெர்மனியின் எஸ்ஸன் நகர நோயாளியைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். ரத்த ஸ்டெம் செல் மாற்றுக்குப் பிறகு கொடையாளியின் நோய் எதிர்ப்புச் செல்கள் நோயாளியின் உடலையே தாக்கின. ஸ்டெம் செல்கள் வெளிவிட்ட நுண்பைகளை ஏற்றிய பின் அந்தத் தாக்குதல் தணிந்ததாக 2014இல் மருத்துவர்கள் எழுதினார்கள். இந்த வாரம் அதிகம் பேசப்படாத ஒரு கட்டத்துக்கு வருவோம். நுண்பைகளைப் பிரித்தெடுத்த நாளுக்கும் நோயாளியின் உடலில் ஏற்றும் நாளுக்கும் இடையில் அவற்றுக்கு என்ன நேர்கிறது?

உயிருள்ள ஸ்டெம் செல்லைச் சேமிப்பது பெரும்பாடு. திரவ நைட்ரஜன் வேண்டும். உறையும்போது செல் கிழியாதிருக்கக் காப்பு வேதிப்பொருள் சேர்க்க வேண்டும். அப்படியும் உருக்கும்போது ஒரு பகுதி செல்கள் இறந்துவிடும். நுண்பைக்கு உயிரில்லை, அது பெருகுவதும் இல்லை. ஸ்டெம் செல் வெளிவிடும் எக்ஸோசோம்கள் என்ற சிறு நுண்பைகளே எலியின் மாரடைப்புச் சேதத்தைக் குறைக்கின்றன என்று சிங்கப்பூரில் சாய் கியாங் லிம் குழு 2010இல் காட்டியது. செல்லே தேவைப்படாத, வேண்டும்போது எடுத்துக் கொடுக்கக்கூடிய மருந்து வந்துவிடும் என்ற நம்பிக்கை அதன்பின் வலுத்தது.

அந்த நம்பிக்கைக்குக் குறுக்கே நிற்பது தண்ணீர். குச்சி ஐஸை உறிஞ்சினால் இனிப்பும் நிறமும் முதலில் வந்துவிடும். மிஞ்சுவது வெறும் பனிக்கட்டி. நீர் உறையும்போது தன்னில் கரைந்தவற்றை ஒதுக்கித் தள்ளுகிறது. நுண்பைக் கரைசலிலும் இதுதான் நடக்கிறது. 30 முதல் 150 நானோமீட்டர் வரையுள்ள எக்ஸோசோம்கள், ஒதுக்கப்பட்ட உப்போடு சேர்ந்து, பனிப்படிகங்களுக்கு நடுவே உள்ள சந்துகளில் நெருக்குண்டு கிடக்கின்றன. சிலவற்றின் கொழுப்புச் சவ்வு கிழிந்து உள்ளிருக்கும் புரதம் கசிகிறது. சில ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. வழக்கமான பாஸ்பேட் கரைசலில் இன்னொரு கேடும் உண்டு. உறையும்போது சோடியம் பாஸ்பேட் தனியே படிகமாகப் பிரிய, மிச்சக் கரைசல் அமிலத்தன்மை பக்கம் சாய்கிறது.

ஒருமுறை உறைவதைவிட, உறைந்து உருகி மறுபடி உறைவதுதான் பெரிய அழிவு. ஒவ்வொரு சுற்றிலும் நுண்பைகள் குறைகின்றன. உறைய வைக்காமல் 4 டிகிரியில் வைத்தால் நாள்பட நாள்பட வேறு வகையில் சிதைகின்றன. பிளாஸ்டிக் குழாயின் சுவரும் தன் பங்குக்கு நுண்பைகளை ஒட்டிக்கொண்டு பிடித்துவைக்கிறது.

இவற்றுக்கு மருந்து கண்டுபிடிக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை நுண்பைகள் திரளாமல் காக்கிறது என்று 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. வறட்சியில் உலர்ந்துபோய், நீர் பட்டதும் மீளும் சில உயிர்கள் தம் உடலில் சேர்த்துவைக்கும் சர்க்கரை அது. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2022இல், பாஸ்பேட் கரைசலில் ட்ரெஹலோஸையும் மனித ஆல்புமினையும் ஹெப்பிஸ் என்ற அமிலச் சமநிலைப் பொருளையும் சேர்த்தால், மைனஸ் 80 டிகிரியில் நுண்பைகள் பல மாதம் நிலைக்கின்றன என்று கண்டார்கள். ஒரு வேளைக்குரிய அளவாகப் பிரித்தே உறைய வைத்தால், மீண்டும் மீண்டும் உருக்க வேண்டியதில்லை. உறைய வைத்து ஈரத்தை உறிஞ்சித் தூளாக்கும் முறையும் சோதனையில் இருக்கிறது. மைனஸ் 80 டிகிரி உறைபெட்டி பெரிய ஆய்வகங்களில் கிடைக்கும். சிற்றூர் மருத்துவமனைக்கு அது எட்டாது. தூள் முறை கைகூடினால்தான் இந்த மருத்துவம் எல்லோருக்குமானதாகும் என்பதால், நான் மிகவும் எதிர்பார்த்திருப்பது அதைத்தான்.

ஆனால் சேமிப்பு சரியாக இருந்தது என்பதை எதைக்கொண்டு அறிவது? பெரும்பாலும் நுண்பைகளை எண்ணுகிறார்கள். எண்ணும் கருவி ஒளிச் சிதறலைப் பார்க்கிறது. முழு நுண்பையும், உள்ளடக்கத்தை இழந்த நுண்பையும், புரதத் திரளும் அதன் கண்ணுக்கு ஒரு புள்ளிதான். எண்ணிக்கை மாறாமலே வீரியம் போயிருக்கலாம். நோய் எதிர்ப்புச் செல்களை அடக்குவதற்கான மருந்தென்றால், ஆறு மாதம் உறைந்திருந்த பிறகும் அது அவற்றை அடக்குகிறதா என்று ஆய்வகத்தில் சோதித்தே காலாவதி நாளைக் குறிக்க வேண்டும். சர்வதேச நுண்பை ஆய்வுச் சங்கத்தின் வழிகாட்டுதல்களும் சேமிப்பு விவரங்களைத் தெளிவாகப் பதிவுசெய்யச் சொல்கின்றன.

இது ஆய்வாளர்களின் கவலை மட்டுமல்ல. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் எக்ஸோசோம் ஊசி போட்டுக்கொண்ட சிலர் கடுமையாகப் பாதிக்கப்பட்டதும், 2019 டிசம்பரில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் பொது எச்சரிக்கை விடுத்தது. எக்ஸோசோம் மருந்து எதற்கும் தான் அனுமதி அளிக்கவில்லை என்றும் அது சொன்னது. யாராவது உங்களுக்கு எக்ஸோசோம் ஊசியைப் பரிந்துரைத்தால், முறையாகப் பதிவான மருத்துவ ஆய்வா என்று முதலில் கேளுங்கள். எந்தச் செல்லிலிருந்து எடுத்தது, எந்தக் கரைசலில், எத்தனை டிகிரியில், எவ்வளவு காலம் இருந்தது, அதற்குப் பின் வீரியத்தைச் சோதித்தார்களா என்றும் கேளுங்கள். குப்பியின் மேல் அச்சிட்ட கோடிக்கணக்கான நுண்பை எண்ணிக்கை இவற்றுக்குப் பதிலாகாது. பதில் வராத இடத்தில் கையை நீட்டாதீர்கள்.

எண்ணிக்கை வீரியத்தைக் காட்டாது என்றால், ஒரு வேளை மருந்து என்பது எவ்வளவு? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)