கம்ப்யூட்டருக்குள் ஒரு கைகாட்டி மரம்

நம் சங்கத்து அன்பர்கள் பலருடைய பிள்ளைகள் இன்று பெங்களூரிலும் புனேயிலும் நொய்டாவிலும் சாஃப்ட்வேர் துறையில் இருக்கிறார்கள். "என்னப்பா வேலை?" என்று கேட்டால், "சொன்னால் புரியாதும்மா" என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. அந்தத் துறையில் மிகக் கடினமானது என்று அவர்களே ஒப்புக்கொள்ளும் ஒரு பகுதியை, ரயில் பயணம் அறிந்த எவருக்கும் விளங்கும்படி இங்கே பார்ப்போம்.

ஒற்றைப் பாதையும் இரும்பு உருண்டையும்

ஊருக்குப் போகும்போது ஒற்றை ரயில் பாதைகளில் பயணம் செய்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். ஸ்டேஷனை வண்டி கடக்கும்போது, வளையத்தில் கட்டிய ஒரு தோல்பையை ரயில்வே ஊழியர் நீட்டுவார். எஞ்சினில் இருப்பவர் அதை லாவகமாக வாங்கிக்கொள்வார். அந்தப் பைக்குள் இருப்பது ஓர் உலோக உருண்டை. அதற்கு டோக்கன் என்று பெயர். அடுத்தடுத்த இரு ஸ்டேஷன்களிலும் உள்ள கருவிகள் கம்பியால் இணைக்கப்பட்டவை. ஒரு உருண்டை வெளியே இருக்கும்வரை இன்னொன்று வெளியே வராது. உருண்டை கைக்கு வராமல் டிரைவர் அந்தப் பாதையில் வண்டியை எடுக்கமாட்டார். எதிரெதிரே இரண்டு வண்டிகள் மோதாமல் காத்தது இந்த ஏற்பாடுதான்.

கம்ப்யூட்டருக்கு உள்ளேயும் இதே சங்கடம் உண்டு. இன்று சாதாரண செல்போனில்கூட ஒரே நேரத்தில் வேலை செய்யும் பல மூளைகள் இருக்கின்றன. அவற்றையெல்லாம் கட்டி மேய்ப்பது இயங்குதளம். அதன் உள்மையத்தைக் கர்னல் என்பார்கள். நினைவகத்தின் ஒரு பகுதியை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று அது கணக்கு வைத்திருக்கும். கணக்கு 5 என்று இருக்கும்போது இரண்டு பேர் ஒரே கணத்தில் புதிதாகச் சேருகிறார்கள் என்று கொள்வோம். இருவரும் 5 என்று படித்து, ஒன்றைக் கூட்டி, 6 என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் இருக்க வேண்டியது 7. பிறகு ஆறு பேர் விலகியதும் கணக்கு பூஜ்யமாகிவிடும். ஏழாவது ஆள் உள்ளே இருக்கும்போதே அந்த இடம் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிடும். கம்ப்யூட்டர் நின்றுபோவதும், திருடன் உள்ளே நுழைவதும் இப்படிப்பட்ட ஓட்டைகளில்தான்.

பூட்டு வந்த கதை

ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே உள்ளே போகலாம் என்ற கட்டுப்பாட்டுக்கு 1960களில் வழி சொன்னவர் நெதர்லாந்தைச் சேர்ந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. அவர் தந்த கருவிக்குச் செமஃபோர் என்று பெயர். நம் ரயில்வே கைகாட்டி மரத்துக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான்! அதிலிருந்து வளர்ந்தவையே இன்று கர்னலில் உள்ள பலவகைப் பூட்டுகள்.

1996-ல் வெளிவந்த லினக்ஸ் 2.0-ல், கர்னல் முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு பெரிய பூட்டுதான் இருந்தது. பம்பாய்ச் சாலில் ஒரு மாடிக்கே ஒரு குளியலறை இருந்தால் காலையில் எப்படியிருக்கும்? அதே கதைதான். ஆகவே அதைச் சிறுசிறு பூட்டுகளாகப் பிரித்துக்கொண்டே வந்து, 2011-ல்தான் பெரிய பூட்டை முழுவதுமாக நீக்கினார்கள். வேகம் கூடியது, பூட்டுகளின் எண்ணிக்கையும், அவற்றைத் தவறாகக் கையாளும் வாய்ப்பும் சேர்ந்தே கூடின.

விளைவு விளையாட்டல்ல. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேர் இருளில் தவித்தார்கள். மரக்கிளைகள் மின்கம்பியில் பட்டது ஒரு காரணம். ஆனால் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி அடிக்காமலே போனதற்குக் காரணம், மேலே சொன்ன மாதிரி இருவர் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கை வைத்த புரோகிராம் பிழை என்று பின்னர் கண்டறிந்தார்கள். லினக்ஸில் 2007 முதல் ஒளிந்திருந்த இதே வகை ஓட்டை ஒன்று 2016-ல்தான் அடைக்கப்பட்டது.

சி மொழியின் குறை, ரஸ்டின் நிறை

லினக்ஸ் கர்னல் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டது. சி மொழியில் பூட்டு ஓரிடம், அது காக்கவேண்டிய பொருள் வேறிடம். "இதைத் தொடுமுன் அதைப் பூட்டு" என்பது வெறும் அறிவிப்புப் பலகைதான். பூட்டாமலே தொடலாம், பூட்டிவிட்டு, நடுவில் பிழை நேர்ந்து வெளியேறும்போது திறக்க மறக்கலாம், திறந்த பிறகும் பொருளின் விலாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு துழாவலாம். மொழி ஒன்றும் சொல்லாது.

ரஸ்ட் என்ற மொழியைக் கிரேடன் ஹோர் என்பவர் 2006-ல் தொடங்கினார். அதன் முதல் நிலையான பதிப்பு 2015-ல் வந்தது. இதில் பொருளைப் பூட்டுக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். பூட்டைக் கேட்டால் ஒரு டோக்கன் கிடைக்கும். அந்த டோக்கன் வழியாகத்தான் பொருளைத் தொட முடியும். வேலை முடிந்து டோக்கனின் ஆயுள் தீர்ந்ததும் பூட்டு தானாகவே விடுபடும். நடுவழியில் வெளியேறினாலும் அப்படியே. டோக்கன் போன பிறகு பொருளைத் தொடுவதாக எழுதினால், புரோகிராமை மொழிபெயர்க்கும் கம்பைலரே மறுத்துவிடும். ஓடும்போது மோதித் தெரியவேண்டிய பிழை, எழுதும்போதே தெரிந்துவிடுகிறது. 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1-ல் ரஸ்டுக்கு இடம் கிடைத்தது.

மொழி காக்காத இடங்கள்

இதனால் கவலையெல்லாம் தீர்ந்தது என்று எண்ணவேண்டாம். ஒரு வண்டி முதல் டோக்கனை வைத்துக்கொண்டு இரண்டாவதுக்குக் காத்திருக்கிறது. இன்னொன்று இரண்டாவதை வைத்துக்கொண்டு முதலாவதுக்குக் காத்திருக்கிறது. இரண்டும் நகராது. இந்த முட்டுக்கட்டையை ரஸ்டும் தடுப்பதில்லை. எல்லோரும் ஒரே வரிசையில் பூட்டுகளை எடுக்கவேண்டும் என்பதே இதற்கு மருந்து. வரிசை பிறழ்கிறதா என்று கண்காணிக்கும் லாக்டெப் என்ற கருவி 2006 முதல் லினக்ஸில் இருக்கிறது.

மேலும், கர்னல் வேலையில் சில இடங்களில் கம்பைலரின் காவலைத் தளர்த்தி, "இங்கே நானே பொறுப்பு" என்று எழுதவேண்டியிருக்கும். ஆண்ட்ராய்டில் புரோகிராம்கள் தமக்குள் பேசிக்கொள்ள உதவும் பைண்டர் என்ற பகுதியை ரஸ்டில் மறுபடி எழுதினார்கள். அதில் ஒரு பிழை 2025 டிசம்பரில் வெளியானது. ஒரு பட்டியலைப் பூட்டின் காவலில் தனியே எடுத்துவிட்டு, பூட்டை விட்ட பிறகு அதை வரிசையாகப் பார்த்தார்கள். அதே நேரத்தில் வேறொருவர் அந்தப் பட்டியலிலிருந்து ஒன்றை உருவ முடிந்தது. பிழை இருந்தது, காவலைத் தளர்த்திய அந்தச் சில வரிகளைச் சார்ந்துதான். எங்கே தேடவேண்டும் என்பதாவது தெரிந்திருந்தது. அதுவே பெரிய லாபம்.

லினக்ஸ் கர்னல் மூன்று கோடி வரிகளுக்கு மேற்பட்டது. அதை ஒரே நாளில் மாற்றி எழுத முடியாது. புதிதாகச் சேரும் பகுதிகள் சில ரஸ்டில் வருகின்றன. இரண்டு மொழிகளையும் அறிந்தவர்கள் இன்னும் பல காலம் தேவைப்படுவார்கள். ரஸ்டின் கம்பைலரும் அதைக் கற்பிக்கும் அடிப்படை நூலும் இலவசமாகவே கிடைக்கின்றன. பொறியியல் படிக்கும் நம் இளைஞர்கள் விடுமுறையில் முயன்று பார்க்கலாம். முதலில் கம்பைலர் மறுத்துக்கொண்டே இருக்கும், சலிக்கவேண்டாம். அது காட்டும் ஒவ்வொரு மறுப்பும், எங்கோ யாருக்கோ நேரவிருந்த ஒரு மோதலைத் தடுக்கும் கைகாட்டிதான்.